கிணற்றில் இறங்கிய மாப்பிள்ளை

என் இளைய மருமகன் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற வேலையில் இருக்கிறார். லீவுக்கு வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், நடுவே கிணற்றுக் கதை சொல்வார். முருங்கைக்காயை மட்டும் இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அந்த எண்ணெய்க் கிணறுகளில் துளை நேராக இறங்கி, பிறகு படுத்துக்கொண்டு மைல் கணக்கில் போகுமாம்.

“நீங்களும் அதே மாரிதான மாப்ள, வந்து எறங்குனதும் படுத்துருதிய” என்பேன். மகள் என்னை முறைப்பாள்.

ஒரு லீவின்போது ராதாபுரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டக் கிணறு வற்றிப்போனது. முருங்கை மரமெல்லாம் இலை உதிர்த்து நின்றது. கிணற்றுக்குள் பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் துளை போட்டால் ஊற்று கிடைக்கும் என்று சைடு போர் போடுகிறவரைக் கூப்பிட்டோம். முதலில் வாழைத்தண்டில் இறங்குவது போலத்தான் துளை போடும் கம்பி போனது. பிறகு மிஷின் கத்தியதே தவிர கம்பி நகரவில்லை. ஆட்கள் எல்லோரும் சாய்ந்து தள்ளினார்கள். உள்ளேயே கம்பி மாட்டிக்கொண்டால் துளையும் போச்சு, என் முருங்கையும் போச்சு.

“கதையில தோண்டுனது போதும் மாப்ள. என் கெணத்துல தோண்டிக் காட்டுங்க” என்றேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இறங்கியதும் தள்ளுவதை நிறுத்தச் சொன்னார். “அரைபட்ட பொடி பூரா துளைக்குள்ள அடியில படிஞ்சு கெடக்கு அத்தே. அது வெளிய வராம கம்பி போவாது. முன்னயும் பின்னயும் பைய இழுத்து, சுத்திக்கிட்டே தண்ணி விடணும்.”

போர்க்காரருக்குப் பிடிக்கவில்லை. “தள்ளாம சுத்திக்கிட்டே இருந்தா டீசல்தான் தீரும் ஆச்சி” என்று மேலே நின்ற என்னிடம் முறையிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டுரலில் கையை விட்டு மாவைத் தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால், குழவி எவ்வளவு சுற்றினாலும் அடியில் அரிசி அரிசியாகவே கிடக்கும்.

“அவுக சொல்லுதபடி செய்யி தம்பி” என்றேன். மருமகன் பேச்சுக்கு நான் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை போலிருக்கிறது.

வெகுநேரம் செம்மண் கூழாக வந்துகொண்டிருந்தது. மகள் கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது. தண்ணீர் தெளிந்த பிறகுதான் கம்பியை உள்ளே போகவிட்டார். கொஞ்சம் போனதும் மறுபடி அதே சுற்றல், அதே கழுவல். வெயில் சாயும் நேரத்தில் உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. என் மணிக்கட்டுத் தடிமனில் ஊற்று பீச்சியடித்து மருமகனைச் சகதியில் உட்காரவைத்தது. முதலில் சிரித்தது போர்க்காரர்தான்.

ஏறி வந்தவருக்குப் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. “எண்ணெ வரலியோ மாப்ள?” என்று கேட்டுவைத்தேன்.

அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது மரமெல்லாம் காய்த்துத் தொங்கியது. சாம்பாரில் முருங்கைக்காய், அவியலில் முருங்கைக்காய், கூட்டிலும் அதுவே. இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீங்க காப்பாத்துன மரம் மாப்ள, ஒதுக்கப்பிடாது” என்றேன்.

ஒன்றை எடுத்து மென்றார். மென்றுகொண்டே மகளிடம் பைய சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

“அந்தத் துளைய அடைச்சிரலாமான்னு ஒங்கம்மாட்ட கேளு.”