தெல்ஃபினா வந்ததும் டோல்ஃபோ கிளம்பியதும்

தூரின் நகரத்தில் தெல்ஃபினா பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் செத்துப்போனாள். வருஷக்கணக்கில் படுக்கையோடு கிடந்தவள். அவளைத் தூக்கி, புரட்டி, துடைத்து, ஊட்டியதில் தெல்ஃபினாவின் வலது தோள் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அடக்கம் முடிந்த அன்று அந்த அம்மாளின் மகன் ஒரு கடையில் உட்காரவைத்து அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். "எங்க மாமியாருக்கும் இப்ப முடியாம இருக்கு" என்று மெல்ல ஆரம்பித்தான்.

தெல்ஃபினா காப்பியைக் குடித்து முடித்தாள். "நான் ஊருக்குப் போறேன்" என்றாள்.

முன்பே யோசித்து வைத்த முடிவல்ல. வாய் சொன்ன பிறகுதான் மனசுக்கே தெரிந்தது.

பதினாறு வருஷம் இத்தாலியில் இருந்துவிட்டாள். கிளம்பும்போது மகள் ஜெனலின் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். இப்போது செபு நகரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். இடையில் நாலைந்து தடவை தெல்ஃபினா வந்து போனதுண்டு. கொண்டுவந்த பெட்டியைப் பிரித்துப் பங்கு போட்டு முடிப்பதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். இந்தத் தடவை அப்படியில்லை, இனி போகவே போவதில்லை என்று புருஷன் டோல்ஃபோவிடம் போனில் சொன்னபோது, அவன் இரண்டு தடவை திரும்பக் கேட்டான். பிறகு, "சரி, வா" என்றான். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இலோய்லோ விமான நிலையத்துக்கு அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இளைச்சுட்டே."

"நீ கறுத்துட்டே."

சொந்த ஊரான கிம்பால் வந்து சேரும்வரை அவ்வளவுதான் பேச்சு. வழியெல்லாம் அவள் தூங்கினாள்.

வந்த பிறகும் தூக்கம்தான். காலையில் எழுந்து காப்பி குடித்துவிட்டுத் தூங்கினாள், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். டோல்ஃபோ வீட்டை அவன் பாட்டுக்கு நடத்திக்கொண்டிருந்தான். பெயருக்கு அவன் வெல்டர். வாசலிலேயே பட்டறை, கேட்டும் கிரில்லும் வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டியும் செய்வான். ஆனால் சமையல், துணி, கோழி, தண்ணீர் எல்லாம் அவன் கையில். ஜெனலினுக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவன். பெற்றோர் கூட்டத்தில் அத்தனை அம்மாக்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தது அவன். பெண் வயசுக்கு வந்தபோது கடைக்குப் போய், காது சிவக்க, வாங்க வேண்டியதை வாங்கிவந்ததும் அவன்தான்.

தெல்ஃபினா அடுப்படிக்குப் போனால் எந்தச் சாமான் எங்கே என்று தெரியாது. கேட்பாள். அவன் கையில் எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் துவரையும் பன்றிக்கறியும் பலாப்பிஞ்சும் போட்டுக் குழம்பு வைத்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். விருந்தாளி வீட்டில் சொல்வது போல இருந்தது.

மூன்றாம் வாரம் அவள் சந்தைக்குப் போனாள். டோல்ஃபோவின் அக்கா ஓசாங் அங்கே கருவாடு விற்கிறாள். ஊரே மனாங் ஓசாங், அதாவது ஓசாங் அக்கா, என்று கூப்பிடும். பெண்களை அன்பாகக் கூப்பிட அங்கே இந்தாய் என்பார்கள். ஊர்ச் செய்தியெல்லாம் அவள் கூடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"வா இந்தாய், வா. தூங்கித் தூங்கி மூஞ்சி வீங்கிப் போச்சே! இத்தாலியில உன்னைக் கட்டிப்போட்டு முழிக்க வச்சிருந்தாங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் மனாங்."

"அது கிடக்கட்டும். டோல்ஃபோவுக்கு மெடிக்கல் முடிஞ்சுதா?"

தெல்ஃபினா கூடையிலிருந்து கையை எடுத்தாள். "என்ன மெடிக்கல்? அவனுக்கு என்ன உடம்புக்கு?"

மனாங் ஓசாங் ஒரு கட்டுக் கருவாட்டை எடுத்து அப்படியே திரும்ப வைத்தாள். "ஐயோ, கடவுளே. இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும். அவனுக்கு ஒண்ணும் இல்லடி. நீ போய் அவன்கிட்டயே கேளு."

கருவாடு வாங்காமலே திரும்பினாள். பட்டறையில் டோல்ஃபோ ஒரு பள்ளிக்கூட கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் வெளிச்சத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவன் முகமூடியைத் தூக்கினான். அவள் நின்ற விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா சொல்லிட்டாளா?"

"எங்க போறே?"

"போலந்து. கப்பல் கட்டுற இடம். ரெண்டு வருஷ ஒப்பந்தம்."

"எப்ப எழுதிப் போட்டே?"

"நீ வர்றேன்னு சொல்றதுக்கு முந்தியே. வயசு நாப்பத்தேழு, எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எடுத்துட்டாங்க."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இரும்புக் குழாய்க் குவியலின் மேல் உட்கார்ந்தாள். "நான் வந்திருக்கேன் டோல்ஃபோ. நீ போறேங்கிறியே."

"அதான் சொல்லத் தெரியாம இருந்தேன்."

அன்று மதியம் சோறு ஆறும்வரை அவர்கள் பேசினார்கள். இத்தனை வருஷத்தில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"குளிர்னா என்னன்னு தெரியுமா உனக்கு? இங்க மழை பெஞ்சாலே போர்வை தேடுவே" என்றாள். "ஒரு ரூம்ல ஆறு பேர் படுப்பீங்க. ஒருத்தன் குறட்டை, ஒருத்தன் அழுகை. காய்ச்சல்ல கிடந்தா கஞ்சி வைக்க ஆள் கிடையாது. பேரைக்கூடச் சரியாச் சொல்ல மாட்டாங்க. அந்த அம்மா ஏழெட்டு வருஷமா என்னை முந்தைய வேலைக்காரி பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. நானும் திரும்பிப் பார்த்தேன். அங்க நீ யாரும் இல்ல, டோல்ஃபோ."

"இங்க மட்டும் யாரு? தெல்ஃபினா புருஷன். கேட் செய்யச் சொல்லி வர்றவன்கூட 'தெல்ஃபினா புருஷன் பட்டறை எது'ன்னுதான் கேக்குறான். என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவனெல்லாம் கப்பலுக்குப் போய்ட்டு வந்து எந்தத் துறைமுகத்துல என்ன குடிச்சான்னு கதை சொல்றான். நான் என்னத்தைச் சொல்றது? கோழிக்குச் சீக்கு வந்த கதையா?"

"பணத்துக்காகன்னு சொல்லு, புரிஞ்சுக்கிறேன்."

"பணம் இல்ல இந்தாய். பணம் நீ போதுமான அளவு அனுப்பிட்டே." அவன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "ஒண்ணு கேக்கட்டுமா? கெட்டதெல்லாம் சொல்லிட்டே. நல்லதே இல்லையா அங்க? பதினாறு வருஷம் ஒரு மனுஷி நல்லதே இல்லாம இருக்க முடியுமா?"

 அவள் போனில் எப்போதும் சொன்னது கஷ்டத்தைத்தான். இல்லாவிட்டால், நன்றாக இருக்கிறேன் என்று பொய். நல்லதைச் சொன்னதே இல்லை. பிள்ளையை விட்டுப் போனவள் அங்கே நன்றாக இருந்தேன் என்று எப்படிச் சொல்வாள்?

"ஞாயித்துக்கிழமை" என்றாள் கடைசியில். "மத்தியானம் லீவு. ஆத்தங்கரை பெஞ்சுல தனியா உட்காருவேன். யாருக்கும் நான் தேவைப்பட மாட்டேன். அம்மாவும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல, வேலைக்காரியும் இல்ல. அந்த ரெண்டு மூணு மணி நேரம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் வேலை. அந்த அம்மாவுக்கு ஒரு புண்ணு வர விடல நான். டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அது எனக்குப் பெருமை."

டோல்ஃபோ தலையை ஆட்டினான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நானும் சொல்றேன். நீ இல்லாத வீட்டுல நானும் பாப்பாவும் சந்தோஷமா இருந்த நாள் நிறைய இருக்கு. ராத்திரி சோத்துக்குப் பதிலா ஐஸ்கிரீம் தின்னுருக்கோம். உனக்குச் சொன்னா நோகும்னு சொல்லல."

அவளுக்கு நொந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான். அது அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அதைச் சுமந்துகொண்டு மிச்ச வாழ்நாள் முழுக்க நடக்கத் தனக்குத் தெம்பில்லை என்றும் தெரிந்தது. அவளை அவன் தடுத்ததில்லை. அவள் முதல்முதலாகக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் மகளைத் தோளில் தூக்கிக் கையசைக்க வைத்தான்.

"போய்ட்டு வா. ஆனா பருத்தி உள்சட்டையெல்லாம் கொண்டு போகாதே. வேர்வையில நனைஞ்சா குளிர் எலும்புல ஏறும்" என்றாள்.

ஜூலையில் கிளம்பினான். மனாங் ஓசாங் விமான நிலையத்தில் ஓவென்று அழுதாள். ஒரு பொட்டலம் கருவாட்டைப் பெட்டிக்குள் திணித்தாள். தெல்ஃபினா அந்தப் பொட்டலத்தை மேலும் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அதன் நாற்றத்துக்கு அங்கே என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு வீடு அவள் கைக்கு வந்தது. கோழிகள் முதலில் அவளை மதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "புருஷனைத் துரத்திட்டியா இந்தாய்?" என்று கிண்டல் செய்தார்கள். டிசம்பர் புயலில் பட்டறைக் கூரையில் பாதி பறந்து கரும்புக்காட்டில் விழுந்தது. அன்று அவன் கூப்பிட்டபோது, "கொஞ்சம் காத்து, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லி முடித்ததும் சற்று நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவன் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்ன நாள்களில் இங்கே என்னென்ன பறந்ததோ.

அவனும் மறைத்தான். குளிரில் விரல் வெடித்ததை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் வேலையைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் மாறும். தான் பற்றவைத்த தகடு ஒரு பெரிய கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னான். அங்கே அவனை ருடி என்று கூப்பிடுகிறார்களாம். "பேரைத் தப்பாத்தான் சொல்றாங்க. ஆனா தெல்ஃபினா புருஷன்னு இல்ல, என் பேரைத்தான் தப்பா சொல்றாங்க" என்று சிரித்தான்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உன் இஷ்டம் என்றாள் அவள். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவனுடைய மதியச் சாப்பாட்டு வேளை இங்கே பொழுது சாயும் நேரம். தினமும் அப்போதுதான் கூப்பிடுவான். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் சாய்ந்து அவள் தூங்கிவிட்டாள். விழித்தபோது போன் மடியில் கிடந்தது, லைன் போயிருந்தது. மறுநாள் அவன் கூப்பிட்டதும், "நேத்து கோவிச்சுக்கிட்டியா?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கோவம்? நீ பாட்டுக்குக் குறட்டை விட்டே. போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் சாப்பிட்டு முடிச்சேன்."