அத்தையின் கையைக் கிள்ளிய நாள்

என்னைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து மேட்டிலிருந்து உருட்டிவிட்டது அண்ணன்தான். அவனுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் ஒற்றைச் சக்கர வண்டி அது. குலைகளோடு ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. என்னோடு பாதி வழியிலேயே கவிழ்ந்தது. செம்மண் சாலையில் கிடந்த ஒரு கல் என் தாடையைப் பிளந்துவிட்டது.

அண்ணன் செய்த முதலுதவி, "அம்மாகிட்ட சொல்லாத" என்று கெஞ்சியதுதான். நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. சட்டை முழுக்க ரத்தம்.

நாங்கள் இருந்த தோட்டம் மலேசியாவில், பெடாஸ் ஊர்ப் பக்கம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் கார் நிற்கும் வீடு ஒன்றுதான், மாமா வீடு. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஆனால் அவர் ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அம்மா அந்த வாசலை மிதித்ததில்லை. மாமாவின் மனைவி எதிரே வந்தால் அம்மாவுக்குத் திடீரென்று வானத்தில் எதையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

அன்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குத்தான் ஓடினார். ஓடிப் போனவருக்கு, உள்ளே இருப்பவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "கார்! கார்!" என்று கத்தினார்.

மாமா வீட்டில் இல்லை. கையெல்லாம் மாவோடு அத்தை வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் கொடியில் காய்ந்த துண்டை இழுத்து என் தாடையில் வைத்து அழுத்தினார்.

"அக்கா, பின்னால ஏறுங்க. துண்ட எடுக்காதீங்க லா, நல்லா அழுத்திப் புடிங்க."

கடைத்தெருவில் எங்கள் ஆட்களோடு வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அம்மா அது தெரியாதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசியது இரண்டே வாக்கியம். கொஞ்ச தூரம் போனதும் "மெதுவா போகச் சொல்லு" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் "சீக்கிரம் போகச் சொல்லு" என்றார். இரண்டையும் என்னிடம்தான் சொன்னார். நான் துண்டுக்குள் இருந்தேன். அத்தை இரண்டுக்கும் "சரி அக்கா" என்றார்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களுக்கு ஓர் அவசரமும் காட்டவில்லை. மூச்சுத் திணறலோடு வந்த ஒரு தாத்தாவையும், மோட்டாரிலிருந்து விழுந்த ஒரு பையனையும் முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். உலகத்திலேயே பெரிய காயம் என்னுடையது என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய அவமானம். அம்மா ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளையோடு ஒருவர்தான் வரலாம் என்றார் தாதி. அம்மா எழுந்து கதவு வரை வந்தார். உள்ளே தட்டில் இருந்த ஊசியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் போறேன் அக்கா" என்று அத்தை முன்னால் வந்தார்.

தாதி கையை நீட்டித் தடுத்தார். இந்தப் பிள்ளைக்கு நீங்கள் யார் என்று மலாய் மொழியில் கேட்டார்.

அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அடேக் ஈப்பார் சாயா," என்றார். என் தம்பி பொண்டாட்டி.

தாதி வழி விட்டார்.

"வலிச்சா என் கையக் கிள்ளு பாப்பா. எவ்ளோ வலிக்குதோ அவ்ளோ கிள்ளு," என்றார் அத்தை. நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் என் நகம் அவர் கையில் இறங்கியது. அவர் தன் மொழியில் ஏதோ முனகினாரே தவிர கையை இழுக்கவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை.

வெளியே வந்தபோது அம்மா பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரோடு நின்றிருந்தார். தையல் போட்டுக்கொண்டது நான், அதனால் கையை நீட்டினேன். அம்மா என்னைத் தாண்டி அதை அத்தையிடம் கொடுத்தார்.

"குடி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட."

அத்தை உறிஞ்சுகுழாயை வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அம்மா அவர் முதுகில் கை வைத்து, தானும் அழுதார்.

அத்தையின் கையில் என் நகம் பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. அவ்வளவு பலமாகக் கிள்ளியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அந்த இடத்தில் வாயை வைத்து ஊதி, "இனிமே கிள்ள மாட்டேன் அத்தை, அழாதீங்க" என்று சமாதானம் செய்தேன். அதற்கு அவர் இன்னும் அதிகமாக அழுதார். ரொம்பத்தான் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தேன்.