ரெண்டு பேருக்கான புரொபெல்லர்

ரிடையரான ஆண்கள் மாதுங்காவில் காலையில் நடக்கப் போவார்கள், இல்லாவிட்டால் கோயில் கமிட்டியில் சண்டை போடுவார்கள். என் வீட்டுக்காரர் குர்லாவில் ஒரு ஷெட்டைப் பிடித்து விமானம் கட்டினார். சின்னது, இரண்டு இருக்கை. இரண்டாவது இருக்கைக்கு மெத்தை தைத்தது நான். அதில் உட்காரப்போவதும் நான்தான் என்று தைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எஞ்சின் மாட்டியாயிற்று, மூக்கில் சுழலும் புரொபெல்லர்தான் பாக்கி. அதன் இறக்கையில் முறுக்கு அதிகமென்றால் மேலே போனபின் நல்ல வேகம். ஆனால் தரையை விட்டுக் கிளம்பத் திணறும். முறுக்கு குறைந்தால் சட்டென்று ஏறும், அப்புறம் ஆடி அசைந்துதான் போகும். இவர் வேகத்தையே ஜபித்துக்கொண்டிருந்தார்.

"நோக்குப் புரியறாப்பல சொல்றேன். ஒண்ணு ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயின், இன்னொண்ணு ஸ்லோ லோக்கல்" என்றார் காபியை ஆற்றியபடி.

"ஃபாஸ்ட் நம்ம மாதுங்காவுல நிக்காதேன்னா. நான் எப்படி ஏறுவேன்?"

சிரிக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பவிருந்த மண் ஓடுபாதை நீளம் குறைவு. அதன் முடிவில் வரிசையாக மரங்கள்.

"வேகமானதுன்னா ரெண்டு பேரோட அந்த மரத்தைத் தாண்டறது கஷ்டம். ஒருத்தர்னா போயிடும்" என்றார் மெதுவாக.

யார் அந்த ஒருத்தர் என்று நான் கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள், ஆர்டர் போட்டாச்சு என்று மட்டும் சொன்னார். எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு வீம்பு, அவருக்கு என்னவோ.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெட்டி வந்தது. உள்ளே புரொபெல்லர், வழவழவென்று மரத்தில் செய்தது. பார்த்து எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. கோபம் இருந்தாலும் பூஜையை விட முடியுமா? மறுநாள் ஷெட்டுக்குப் போய், புரொபெல்லரில் கைக்கு எட்டிய ஒரு இறக்கையில் கெட்டியாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்ததும் இவர் அதன் நடுத்துளையில் கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் சம எடையா என்று பார்த்தார். ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"அரே, டிஃபெக்ட் பீஸை அனுப்பிட்டானே!" திருப்பி அனுப்பப் போனை எடுத்துவிட்டார்.

சாய்ந்த பக்கத்தைப் பார்த்தேன். "ஏன்னா, அது நான் அப்பின சந்தனம்."

அவசரமாகத் துடைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு இருக்கட்டும். அந்தப் பக்கமும் இதே அளவு வை."

வைத்தேன். கம்பியில் அது ஆடாமல் நின்றது. அப்போதுதான் சொன்னார்:

"ஸ்லோ லோக்கல்தான். மாதுங்காவுல நிக்கும்."