பக்கத்து நாற்காலியின் விலை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கால்பந்து மைதானத்துக் காலரியில் யாருக்கும் அது தெரியாது. 'எவ்வளவு' எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கை காட்டுவார்கள். பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், "எவ்வளவு கொடுத்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். வம்புக்குக் கேட்பதில்லை. ஆசாமிக்கு அது தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும், அவ்வளவுதான்.

பிழைப்புக்கு லிப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸும் கையுமாக நிற்பார். வாரக் கடைசியில் கால்பந்து. கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள காலரியில் அவருக்கு சீசன் டிக்கெட். தொடக்கத்திலேயே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் அந்த மைதானத்தில் நடக்கிற எல்லா ஆட்டத்துக்கும் ஒரே நாற்காலி. மழை கொட்டினாலும் அதே நாற்காலி, அணி மண்ணைக் கவ்வினாலும் அதே நாற்காலி. பக்கத்து நாற்காலி அவருடைய தங்கை புருஷனுக்கு. மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாக வரிசையில் நின்று வாங்கியவை.

எப்போதாவது ஒருமுறை வருகிறவர்களுக்குக் கணக்கே வேறு. சப்பையான அணி வந்தால் விலை தரையில் கிடக்கும். பெரிய அணி வந்தால் கூரையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதே பிளாஸ்டிக் நாற்காலி, பாதி மைதானத்தை மறைக்கிற அதே தூண். இது என்னய்யா அநியாயம் என்று சண்டைக்குப் போகிறவர் இல்லை நம்மவர். எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, அது தெரிய வேண்டும். ஒரு நர்ஸம்மா கடைசி நேரத்தில் அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்திருந்தார். அதே வரிசையில் ஒரு புதுமண ஜோடி கொடுத்திருந்த விலையைக் கேட்டதும் இவருக்கு மனசு கேட்காமல், தன் பிஸ்கட் பொட்டலத்தை முழுசாக அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

இந்தக் கேள்விதான் குடும்பத்தில் குண்டு வைத்தது. போன சீசனில் ஒரு பெரிய ஆட்டம். அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடிப்பு. டிக்கெட்டை ஆபீஸில் ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட்டதாகப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார். அந்த ஆபீஸ்காரர் வந்து உட்கார்ந்தார். நம்மவர் வாய் சும்மா இருக்குமா? கேட்டார். அவரும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். சீசன் முழுவதற்கும் மாப்பிள்ளை கட்டியதில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆட்டத்தில் கைக்கு வந்திருந்தது.

மறுநாள் தங்கை வீட்டில் சாப்பாடு. உட்கார்ந்ததும் இவர் அந்த விலையை ஏதோ அதிசயத்தைக் கண்டவர் போலச் சொல்லி வியந்தார். காட்டிக்கொடுக்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை, சத்தியமாக இல்லை. ஒரு நாற்காலி அவ்வளவுக்குப் போகுமா என்கிற வியப்புதான். தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். கோல் விழுந்தால் ஒருவர் இந்தப் பக்கம் பார்த்துக் கை தட்டுவார், மற்றவர் அந்தப் பக்கம் பார்த்துக் கை தட்டுவார். இந்த சீசனில் மாப்பிள்ளை ஒவ்வொரு ஆட்டமாக நாற்காலியை கிளப்புக்கே விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். கிளப் அதை அன்றைய விலைக்கு வெளியாட்களிடம் விற்கும். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒரு விதி உண்டு. ஐந்து தடவைக்கு மேல் அப்படி விற்றுப்போனால் அடுத்த சீசனில் நாற்காலி கிடையாது, நிரந்தரமாக வெளியாட்களுக்கென்று போய்விடும். ஐந்து பேர் வந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். ஐந்து பேரிடமும் விலை கேட்டாயிற்று. ஆனால் மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க மட்டும் ஆளில்லை. அவர் வராமலே போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

சீசனின் கடைசி ஆட்டம். பெரிய அணி. மோட்டார் அறையில் கையைத் துடைத்துவிட்டு ஃபோனைத் திறந்தால், கிளப்பின் டிக்கெட் பக்கத்தில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில், விற்பனைக்கு என்கிற பச்சைப் புள்ளி. மாப்பிள்ளை இதையும் விட்டுக்கொடுத்துவிட்டார். விலை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. நம்மவர் யோசிக்கவே இல்லை. வெளியாள் உட்கார்ந்தால்தானே கணக்கு, குடும்பத்துக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று டக்கென்று வாங்கிவிட்டார். ஒரு நாற்காலியைக் காப்பாற்றிய பெருமிதம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே மைதானத்துக்குப் போய் டிக்கெட் கவுன்ட்டர் அம்மாவிடம் அதைச் சொல்லியும் காட்டினார்.

அந்த அம்மா இரக்கத்தோடு பார்த்தார். "ஏன் சார் வாங்கினீங்க? யாரும் வாங்காம இருந்திருந்தா, ஆட்டத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அவரே திரும்ப எடுத்துக்கலாம். வித்துப்போச்சுன்னா அவ்வளவுதான். யார் வாங்கினாலும் கணக்கு கணக்குதான்."

ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது. தன் கையாலேயே மாப்பிள்ளையின் நாற்காலிக்கு வேட்டு வைத்தாயிற்று. நம்மவருக்கு அழுகை வராத குறை. நேரே தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்திருக்கவில்லை.

தங்கை கதவைத் திறந்ததும் தானாகவே ஆரம்பித்தாள். "கடைசி ஆட்டத்துக்காவது போகலாம்னு அவருக்கு மனசு வந்துடுச்சு அண்ணா. திரும்ப எடுத்துடலாமான்னு ஃபோனைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. மத்தியானம் பார்த்தா வித்துப்போச்சாம். எவனோ வெளியாள் வாங்கிட்டான்னு ஃபோன் பண்ணிப் புலம்பினாரு."

"அந்த வெளியாள் நான்தாம்மா," என்றார் அண்ணன்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், அந்தச் சண்டைக்குப் பிறகு கல்லு மாதிரி ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆட்டம் பார்ப்பது என்று மாப்பிள்ளை தினமும் பொருமிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். நம்மவர் அந்த டிக்கெட்டை அவள் ஃபோனுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலி போனதற்கு மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை எவ்வளவு என்று அவளிடம் மூச்சுவிடவில்லை.

கடைசி ஆட்டம் தொடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலி காலி. இந்த விலைக்கு ஒரு காலி நாற்காலியை வாங்கிய ஒரே மனிதன் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை படியேறி வந்தார். வெளியாள் மாதிரியே ஃபோனைப் பார்த்தார், நாற்காலியின் எண்ணைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் நம்மவர்.

மாப்பிள்ளை மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி போனால் போகட்டும், அடுத்த சீசனில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு கொடுத்து வெளியாளாகவே வந்துகொள்கிறேன் என்றார். பந்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்தது. திடீரென்று மாப்பிள்ளை இவர் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு கொடுத்தீங்க மச்சான்?"

நம்மவருக்கு விலை நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ பேரைக் கேட்டவருக்கு, பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சும்மாதான் மாப்பிள்ளை. ஆபீஸ்ல ஒருத்தர் கொடுத்தாரு."

மாப்பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார். உதடு கோணியது.

"ஏன், அவருக்கு இடுப்புப் பிடிப்பா?"

"ஆமா," என்றார் நம்மவர். "பாவம், அசையவே முடியலையாம்."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த நேரத்தில்தான் கோல் விழுந்தது. யார் போட்டது என்று முன்வரிசைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.