பிளாக் இல்லாத பூவேலை

நான் போட்ட பூவேலை டிசைன் ஒன்று பத்திரிகையில் அச்சாகி வந்தது. படம் இல்லாமல் வந்தது. படம் இல்லாத பூவேலை என்ன பூவேலை என்று என் நாத்தனார் இன்றும் சிரிப்பாள். தற்பெருமை கூடாது என்றும் சொல்லுவாள். பெருமைப்பட ஒன்றும் செய்யாதவர்கள் கண்டுபிடித்த புத்திமதி அது என்பது என் அபிப்பிராயம். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், வெட்டிய மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட் பகுதியில் வேலை. அவர் பகலில் தூங்கும் வாரங்களில் வீட்டில் ஒரு தம்ளர் உருளக் கூடாது. சத்தம் போடாமல் செய்யக்கூடிய காரியம் என்று பார்த்தால் ஊசியும் நூலும்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு பூவேலை மாதப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினேன். அது வரும் நாளில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன்.

அப்போது பத்திரிகை நல்ல தடியாக இருக்கும். பாதிக்குப் பாதி விளம்பரம். பின்னட்டையில் நூல் கம்பெனி, உள்ளே தையல் மெஷின், கூந்தல் தைலம், பொத்தான் கடை, வளையல் கடை. இலையில் சாதத்தைவிட ஊறுகாய் அதிகமாக இருக்கிறதே என்று ஆசிரியருக்கு நானே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். எழுதிவிட்டு ஒரு வாரம் கெட்டிக்காரத்தனமாக நடமாடினேன்.

அந்தக் கார்டை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஏனென்றால் கொஞ்ச நாளில் விளம்பரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. லட்சக்கணக்கில் விற்கும் வாரப் பத்திரிகைகள் இருக்கும்போது எங்களைப் போன்ற ஊசிக்காரிகளின் பத்திரிகையில் எதற்கு என்று கம்பெனிகள் நினைத்திருக்க வேண்டும். முதலில் நூல் கம்பெனி போயிற்று. பின்னட்டையில் ‘உங்கள் தோழியரையும் சந்தாதாரர் ஆக்குங்கள்’ என்று பத்திரிகையே தனக்கு விளம்பரம் போட்டுக்கொண்டது. அடுத்து, நடுவில் மடித்து வைத்துத் தரும் மாதிரித்தாள் நின்றது. அப்புறம் வண்ண அட்டை கறுப்பு வெள்ளை ஆனது. கடைசியில் பத்திரிகை பஞ்சாங்கத்தைவிட மெலிந்துபோயிற்று.

விளம்பரம் போனால் படிக்கிறவளுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த விளம்பரங்கள்தான் எங்களுக்குக் கடைத்தெரு. இளநீல நூலில் நாலு வகை, அதற்கு இன்ன நம்பர், இன்ன விலாசத்துக்கு எழுதினால் வி.பி.பி.யில் வரும், தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். வடலூர்க் கடையில் சிவப்பு, பச்சை, கறுப்பு உண்டு. நாலாவதாக ஒரு நிறம் கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துக்கொண்டு போய் பக்கெட் வீலைக் காட்டினார். கோபுர உயரத்தில் ஓர் இரும்பு யானை, தும்பிக்கையின் நுனியில் ஒரு ராட்சசச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் மண்ணை வாரும் பக்கெட்டுகள். எல்லாப் பத்திரிகையிலும் மயிலும் ரோஜாவும் போட்டுப் போட்டு எனக்கு அலுத்திருந்தது. வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட தாளில் அந்தச் சக்கரத்தை வரைந்தேன். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில், பெருக்கல் குறி போல நூல் விழும் தையலுக்கான மாதிரி அது. துணியின் அளவுக்காகப் பக்கெட்டுகளைக் குறைத்து எட்டாக வைத்தேன். அதற்காக என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பத்திரிகைக்கு அனுப்பினேன். அது நின்றுபோவதற்குள் என் சக்கரம் அதில் வந்துவிட வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. பதில் கார்டு வந்தது. ‘தங்கள் மாதிரி மிக நன்று. பிளாக் இல்லாததால் வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.’

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நெய்வேலியில் பிளாக் என்றால் வீடிருக்கும் பகுதி. பஸ்ஸில் ஏறினால் எந்த பிளாக், கடையில் நின்றால் எந்த பிளாக், கல்யாணப் பத்திரிகையில்கூட பிளாக் நம்பர். விலாசத்தில் பிளாக் எழுத மறந்ததற்காகவா ஒரு பூவேலையைத் திருப்புவார்கள்? உடனே என் பிளாக் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

ஆசிரியர் பொறுமைசாலி. இந்த முறை கார்டு அல்ல, கவரில் ஒரு பக்கக் கடிதம். பிளாக் என்பது படத்தை அச்சடிப்பதற்காகச் செய்யும் உலோகத் தகடாம். முன்பெல்லாம் விளம்பரத்தில் வந்த வருமானம் அதற்குப் போதுமாம். இப்போது தகடு செய்ய வழியில்லை, வெறும் எழுத்துகளைக் கோத்துத்தான் பத்திரிகை வருகிறது என்றும், இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று தமக்கே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கொல்லைப்புற வேலி அருகே உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இந்த வட்டாரத்துப் பெண். புருஷனுக்கு கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆனபின் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். படிக்கத் தெரியாது. ஆனால் அவள் போடும் தையலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும்.

“இன்னாங்க்கா, மூஞ்சி தொங்கிகினு கெடக்குது?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். பிளாக் நம்பர் அனுப்பிய கதையைக் கேட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “படம் எதுக்குங்க்கா?” என்றாள். “பதினஞ்சு புள்ளி, எடப்புள்ளி, எட்டுல நிறுத்துன்னு வாயால சொன்னா நாம புள்ளி வெக்கிறதில்லையா? நீங்க சொல்லிகினே வாங்க. நான் போட்டுகினே வர்றேன்.”

இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவில்லை. அன்றே உட்கார்ந்தோம். என் தாளை அவளுக்குக் காட்டவே இல்லை. “முதல் வரி. பத்து விடு, மூணு போடு, பத்து விடு” என்று நான் வாசிக்க, அவள் வேலிக்கு அப்பால் தைத்துக்கொண்டே வந்தாள். நாலு நாளில் முடிந்தது. விரித்துப் பார்த்தால் சக்கரம் நசுங்கிய பலாப்பழம் போல இருந்தது. அவள் ஒரு வரியை இடமிருந்து போட்டு, அடுத்ததை வலமிருந்து திரும்பி வந்திருக்கிறாள். அப்படித்தான் யாரும் போடுவார்கள். தப்பு என்னுடையது. ‘எல்லா வரியும் இடமிருந்தே எண்ணுக’ என்று முதலில் எழுதினேன். இரண்டாம் முறை தைத்தபோது பக்கெட்டின் பல் முதற்கொண்டு விழுந்தது.

“எங்க வூட்டுக்காரரு பாத்தா நம்ப மாட்டாருங்க்கா” என்றாள். அவர் நம்பத்தான் இல்லை. படத்தைப் பார்க்காமலா போட்டாய் என்று மூன்று முறை கேட்டாராம்.

எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி அனுப்பினேன். அடுத்த மாதமே வந்தது! ஒன்றரைப் பக்கம், பொடி எழுத்து. என் முன்னுரையை இடம் போதாமல் வெட்டிவிட்டு, ‘சக்கரப் பூ’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். பூவாம்! சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அந்த இதழை வடலூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம்கூடக் காட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதற்கடுத்த இதழோடு பத்திரிகை நின்றது. இரண்டு மாதம் கழித்து ஆசிரியரிடமிருந்து ஒரு பழுப்புக் கவர் வந்தது. அலுவலகத்தைக் காலி செய்யும்போது என் பெயருக்கு வந்திருந்த ஒன்றைக் கண்டு அனுப்பியிருந்தார். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகத் தைத்த ஒரு மேட்டித் துணி. கூடவே பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகியின் சீட்டு. ‘பூ நன்றாக வந்திருக்கிறது. சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லவும். இது உங்கள் பக்கம் எந்த மாதம் பூக்கும்?’

என் வீட்டுக்காரர் அந்தத் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போனார். அந்த யந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டரிடம் ஒன்றும் சொல்லாமல் விரித்துக் காட்டினாராம்.

“ஏய், இது நம்ம வீலுப்பா! எந்த ஷிப்ட்காரரு வூட்ல போட்டது?” என்றாராம் அவர்.

“போட்டவங்க பொள்ளாச்சிக்காரங்க. இந்த மெஷினைப் பார்த்ததே இல்லை. எங்க வீட்ல எழுதினதை வச்சுப் போட்டது” என்று இவர் சொல்லியிருக்கிறார். அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். எட்டுப் பக்கெட்டைப் பற்றி அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

பத்திரிகை போய்விட்டதே என்று அன்றைக்கு அழுதேன். பெருமையிலும் அழுதேன். எது எந்த அழுகை என்று பிரிக்கத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, துணியை அவள் கையில் கொடுத்தேன். அவள் வழக்கம்போல முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு தையல் பெசகலங்க்கா” என்றாள்.