பஞ்சு அடைத்த முகமூடி

கதிர்வீச்சுப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அவளை எல்லோரும் ‘முகமூடி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தவர்களின் தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை முகத்தில் அழுத்தி வார்த்தெடுப்பவள் அவள்தான். கறாரான பேர்வழி. கை கழுவாமல் உள்ளே வரும் டாக்டரைக்கூட நாலு பேர் முன்னால் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள்.

அங்கே இரண்டு மெஷின்கள். பழையது இரண்டு கன்னத்திலும் நேராக அடிக்கும். கட்டியோடு சேர்த்து உமிழ்நீர்ச் சுரப்பியையும் பாழாக்கும். புதியது கட்டியின் வடிவத்துக்கு வளைந்து கொடுத்து, சுரப்பியை முடிந்தவரை விட்டுவைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பெரிய டாக்டர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

புதிய மெஷினுக்கு வந்தவர்களில் ஒருவர் காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவர்.

“கட்டி போனா சந்தோஷம் தங்கச்சி. ஆனா வாய் காஞ்சுதுன்னா என் பொழப்பும் போச்சு” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

விழுங்க முடியாமல் மூன்றே வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கினார். முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது.

இதற்கு அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: இடைவெளியில் பஞ்சை அடைத்து மூடிவிடுவது. அகலமாக அடிக்கும் பழைய மெஷினில் அதை வைத்து ஒப்பேற்றலாம். மயிரிழை பார்த்து அடிக்கும் புதியதில் அது சுத்த மோசடி. தெரிந்தும், வெளியே வரிசை நிற்கிறதே என்று ஏழு நாள் வைத்தாள். எட்டாம் நாள் தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நேரே பெரிய டாக்டரிடம் போனாள்.

“சார், ஏலக்காரருக்குப் புது முகமூடி செய்யணும். ஸ்கேனும் திரும்ப எடுக்கணும்.”

“நடுவுல திட்டத்த மாத்தினா ஒப்பீடு கெட்டுடும்மா. பஞ்ச வச்சு ஓட்டு.”

“கெடப்போறது அவர் வாய் சார்.”

அவர் நிமிரக்கூட இல்லை. அட்டவணைக்குக் கலர் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் கதவை நோக்கித் திரும்பினாள். இந்த ஆளைப் பார்த்தா இத்தனை வருஷம் எழுந்து நின்றோம்!

அன்றைய சிகிச்சைத் தாளில் ‘முகமூடி தளர்வு, கதிர்வீச்சு தரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளில் ஏறியதை யாரும் மறைக்க முடியாது. டாக்டர் குதிகுதியென்று குதித்துவிட்டு, ஏலக்காரரை ஆராய்ச்சியிலிருந்தே தூக்கினார். விட்டது சனியன் என்று அவள் அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள்.

கதிர்வீச்சு அளவைக் கணிக்கும் இயற்பியலாளர் பழைய படத்தின் மேல் புதிய படத்தை வைத்துப் பார்த்தார்.

“இடது சுரப்பி உள்ள தள்ளிப்போயிருக்குக்கா. இந்த ஏழு நாளும் பழைய மெஷின்ல வாங்குற அடியத்தான் வாங்கியிருக்கு. இனிமே வலதயாவது காப்பாத்தணும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏலக்காரர் அவளைக் கண்டதும் எழுந்தார்.

“என்ன தங்கச்சி, மெஷின் ரிப்பேரா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளுக்குக் கூசியது.

“மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. முகமூடி லூசாகி ஒரு பக்கம் எச்சி சுரப்பி அடி வாங்கிடுச்சு. தெரிஞ்சே ஏழு நாள் பஞ்ச வச்சு மூடினது நான்தான்.”

அவர் கத்தவில்லை. ஒட்டிப்போன கன்னங்களை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார்.

“எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.