வைகாசியில் மல்லிகைக்குத் தடை

அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். திருப்பூர் மண்ணரையில், எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் எனக்குக் கல்யாணம். வைகாசி என்றால் எங்கள் பக்கத்தில் மல்லிகை மாதம். மார்க்கெட்டில் குவித்து வைத்து, வாங்க ஆளில்லாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கல்யாணப் பெண்ணின் தலையைப் பார்த்தாலும் முடி தெரியாது, பூதான் தெரியும். அப்படிப்பட்ட மாதத்தில் என் கல்யாணத்தில் மட்டும் ஒரு முழம் மல்லிகை கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்தது என் அத்தை. காரணம், நான் கருப்பு.

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் அப்பா நாலைந்து மெஷின் போட்டு பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பாகத்தான் இருக்கும். அதை சலவைப் பட்டறைக்கு அனுப்பினால் பால் மாதிரி வெளுத்து வரும். அந்தப் பட்டறை அத்தை வீட்டுக்காரருடையது. அதனாலோ என்னவோ, உலகத்தில் எதையும் வெளுத்துவிடலாம் என்று அத்தைக்கு ஒரு நம்பிக்கை. நான் குழந்தையாக இருக்கும்போதே என்னைத் தூக்கிப் பார்த்து, "இவள ஒருவாட்டி பட்டறையில போட்டு எடுக்கோணும்" என்று சொல்லிச் சிரித்தவர். எல்லோரும் கூடச் சிரிப்பார்கள். என் அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். அம்மாவும் என் நிறம்தான்.

எனக்கு மாப்பிள்ளை உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவருக்கு அம்மா இல்லை. வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. அந்த அக்காவுக்கு அப்போது பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் பெண் பார்க்க வர முடியவில்லை. "பொண்ணு என்ன நிறமுங்க?" என்று மட்டும் ஆள் மூலம் கேட்டு அனுப்பியிருந்தார். அத்தை யோசிக்கவேயில்லை. "மாநிறமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாநிறம்! தமிழில் இதைவிட வழுக்கலான வார்த்தை ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சிவப்பும் இல்லை, கருப்பும் இல்லை, கேட்கிறவர் தனக்குப் பிடித்த மாதிரி நினைத்துக்கொள்ளலாம். சிவப்பான பெண்ணை யாரும் மாநிறம் என்று சொல்வதில்லை. கருப்பான பெண்ணைத்தான் சொல்கிறார்கள்.

பெண் பார்க்க வந்தது மாப்பிள்ளையின் அப்பாவும் பெரியப்பாவும். விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லி, என் முகத்தில் பவுடரை அப்பி, காப்பித் தட்டோடு நிறுத்தினார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் காப்பியைக் குடித்தார்கள், அப்பாவிடம் நூல் விலையையும் மழையையும் பற்றிப் பேசினார்கள், புறப்பட்டுப் போனார்கள். என்னை நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை. சம்மதம் என்று சேதி வந்தது. அப்பா ஒரு நாள் உடுமலைக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல பையன், உழைப்பாளி, பீடி சிகரெட் இல்லை என்றார். அவ்வளவுதான்.

இனி அந்த அக்கா நேரில் வருவார், சொன்னது ஒன்று இருப்பது ஒன்று என்று பந்தலில் வைத்துக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அத்தையைப் பிடித்துக்கொண்டது. சொன்ன பொய்யைத் திருத்துவதற்குப் பதில் என்னைத் திருத்தக் கிளம்பினார்.

மணவறை சோடிப்பதற்கு எங்கள் பக்கத்தில் பேர் போன ஒரு பாய் இருந்தார். முதலில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பிறகு பூ வேலைக்கு வந்துவிட்டார். வண்ணம் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ இருந்தால் எடுப்பாக இருக்கும் என்பதை, வெள்ளைப் பனியன் துணியை விரித்து அதன்மேல் இதழ்களைப் பிய்த்துப் போட்டுக் காட்டுவார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தை அவரை வீட்டுக்கு வரவழைத்தார். நான் கதவுக்குப் பின்னால் பனியனில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

"இங்க பாருங்க பாயி. வெள்ளப்பூவு ஒண்ணு கூட பொண்ணு பக்கத்துல வரப்படாது. மல்லி வேண்டாம், முல்ல வேண்டாம், சம்பங்கி வேண்டாம். வெள்ளைய வெச்சா மூஞ்சி இன்னும் கருத்துத் தெரியும்."

"ஏனுங்கம்மா, வைகாசியில மல்லி இல்லாத மணவறைன்னா ஊரே சிரிக்குமுங்க."

"சிரிச்சாச் சிரிக்குது. புள்ளய மாநிறமாக் காட்டோணும். உங்களுக்குத் தெரியாத வித்தையா?"

அவர் துணியை விரித்தார். கருஞ்சிவப்புக் கோழிக்கொண்டை, வாடாமல்லி, செவ்வரளி, ஓரத்துக்கு மரிக்கொழுந்து. பின்னால் இருட்டாக இருந்தால் முன்னால் இருக்கிற முகம் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும் என்றார். இடுக்கு வழியாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னை ஒளித்து வைப்பதற்கென்றே ஒருவர் அத்தனை திறமையையும் கொட்டி வேலை செய்வதைப் பார்க்க எப்படி இருக்கும், சொல்லுங்கள். அத்தைமேல் வந்ததைவிட அந்த மனுஷர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

அன்று மாலை அத்தையிடம் கேட்டேவிட்டேன். ஒரே ஒரு முழம், தலைக்கு மட்டும், அதுவும் பின்னால்தானே இருக்கப்போகிறது என்றேன். அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "வாடாமல்லியும் மல்லிதான் கண்ணு. பேருலயே இருக்குதல்ல" என்றார். அப்படி ஒரு ஆறுதலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கும் ஆண்களுக்கும் அடுத்த தெருவில் ஒரு வீடு பிடித்திருந்தோம். பெண்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தது அந்த அக்கா, தோளில் கைக்குழந்தை. பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு கூடை சுமந்து வந்தார்கள், ஈரத்துணி போட்டு மூடிய கூடை. துணியை விலக்காமலே வீடு முழுக்க வாசம் வந்துவிட்டது. அவர்கள் தோட்டத்து மல்லிகை. தம்பி பெண்டாட்டிக்கென்று விடியற்காலையிலேயே பறித்த மொட்டு.

என்னை உள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே நடப்பது நன்றாகக் கேட்டது. அத்தை அவசர அவசரமாகக் கூடைகளை வாங்கி, பந்தலில் வேலையாக இருந்த பாயிடம் கொடுத்து, பின்பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அவர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "மல்லி வேண்டாம்னு எனக்கு உத்தரவுங்களே. இத எங்கீங்க வெக்கறது?" என்றார். வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வந்த பெண்கள் அத்தனை பேரும் கூடைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா, ஏன் வேண்டாம் என்று கேட்டார். அத்தை சளைக்கவில்லை.

"பொண்ணுக்கு மல்லி வாசம் சேராதுங்க. வெச்சாத் தலவலி வந்துரும்."

எனக்கா? மல்லிகை வாசத்தில் எனக்குத் தலைவலியா? மூன்று வாரமாகப் பொறுத்திருந்தேன். மாநிறம் என்றது ஒரு பொய், அதை மறைக்க மணவறை முழுக்கப் பூவால் ஒரு பொய், இப்போது அதற்கும் மேல் என் தலையிலேயே ஒரு பொய். எழுந்தேன். கல்யாணப் பெண் கூப்பிடாமல் வெளியே வரக் கூடாது. வந்தேன். முகத்தில் அப்பியிருந்த பவுடரை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

"எனக்கு ஒரு தலவலியும் இல்லீங்க அக்கா. நான் கருப்பு. வெள்ளப்பூ வெச்சா அது தெரிஞ்சு போயிருமாம். உங்ககிட்ட மாநிறம்னு சொல்லியுட்டாங்களாம்."

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார். கல்யாணம் நின்றது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த அக்கா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். என்னை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, என்ற தம்பி என்ன நிறம்னு ஆராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு வந்த அப்பாவும் சொல்லவில்லை.

"அடுப்புக்கரிங்க! கருக்கல்ல வந்தான்னா, சிரிச்சாத்தான் ஆளு இருக்கறது தெரியும்."

குபீரென்று எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார், பாய் சிரித்தார், அத்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கல்யாணம் பிழைத்துவிட்டது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையின் கருப்பு ஒரு நொடியில் வேடிக்கையாகப் போய்விட்டது. என்னுடைய கருப்புக்குத்தான் பவுடரும், விளக்கு வைக்கிற நேரமும், மூன்று வாரத் திட்டமும் தேவைப்பட்டன. ஆம்பிளைக்கு நிறம் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அக்கா கூடையிலிருந்து ஒரு பிடி மொட்டை அள்ளி என் கையில் வைத்தார். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கறே, கண்ணு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த 'இருந்தாலும்' பொறுக்கவில்லை. பின்னாளில் நாங்கள் இருவரும் உயிருக்குயிராகப் பழகினோம், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் சண்டை போடுவதை நான் நிறுத்தவேயில்லை.

மொட்டுகளையெல்லாம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டினார்கள். அம்மாவும் கட்டினார். கட்டிய முதல் சரத்தை எனக்குத் தருவார் என்று பார்த்தேன். அதைத் தன் கொண்டையில் சுற்றிக்கொண்டு, அத்தைக்கு எதிரிலேயே போய் உட்கார்ந்தார். பாய் தன் கோழிக்கொண்டையையும் வாடாமல்லியையும் பிரிக்கவில்லை. அவற்றுக்கு இடையில் மல்லிகையை விட்டு விட்டுத் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் நான் போய் மணையில் உட்கார்ந்ததும், நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். "இப்பத்தானுங்க கலரு நிக்குது" என்றார். துவைத்தாலும் போகாத சாயத்தைத்தான் சாயப்பட்டறையில் அப்படிச் சொல்வார்கள். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போது போயிற்று.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துக் கல்யாணப் போட்டோ வந்தது, சட்டம் போட்டு, அத்தையின் அன்பளிப்பாக. ஸ்டுடியோவுக்கு அவரே நேரில் போயிருக்கிறார். டச் பண்ணச் சொல்லி என் முகத்தை வெளுக்க வைத்திருக்கிறார், அவருடைய பட்டறையில் துணி வெளுக்கிற மாதிரியே. மாப்பிள்ளையைத் தொடவில்லை, அவர் இருக்கிறபடியே இருந்தார். பக்கத்தில் நான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மல்லிகையும் வெள்ளை, முகமும் வெள்ளை. அத்தனை சண்டை போட்டு வாங்கிய பூ, படத்தில் இருக்கிற இடமே தெரியவில்லை. பிற்பாடு என் மகள் அதைப் பார்த்துவிட்டு, அப்பா பக்கத்தில் இருக்கிறது யார் என்று கேட்டாள். அன்றைக்கே இறக்கிப் பெட்டியின் அடியில் போட்டேன்.

அத்தை கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகவே கடைசிவரை நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

இன்றைக்கும் வைகாசி பிறந்தால் நாலு முழம் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். பூ எங்கே முடிகிறது, நான் எங்கே தொடங்குகிறேன் என்று அதில் நன்றாகத் தெரிகிறது. அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அன்றைக்கு அந்தக் கதவைத் தாண்டி வந்தேன்.